மருதையாற்று வெள்ளமும் லால்பகதூர் சாஸ்திரியாரும்

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள கூரம் என்னும் சிற்றூரைத் தமிழ் மாணவர் இரு காரணங்களால் அறிவர். ஒன்று, வைணவப் பெரியார் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் அது. மற்றொன்று, ஏழாம் நூற்றாண்டில் பல்லவ வேந்தன் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய செப்பேடு அவ்வூர்ப் பெயரால் கூரத்துச் செப்பேடு என்று வழங்கப்படுவது. கோயிலுக்கு நிலம் விட்டதும், மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கு ஏற்பாடு செய்ததும் அதில் கூறப்படுகின்றன. அவற்றோடு, பரமேசுவர தடாகம் என்னும் ஏரிக்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாயை வெட்டி நீர் கொணர்ந்த செய்தியும் அதில் உண்டு. கோயிலையும் கல்வியையும் பேசும் அதே ஏட்டில் கால்வாயையும் பேசியவர் நம் முன்னோர். நீர் வரவேண்டிய வழியில் வராவிட்டால் ஊர் காயும். வரக்கூடாத வழியில் வந்தால் ஊர் அழியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் அடைமழை பிடித்துக்கொண்டால் இப்பகுதி உழவர் இரவில் உறங்குவதில்லை. கரையில் ஒரு நண்டு வளையளவு துளை இருந்தாலும் அதன் வழியே நீர் கசிந்து, மண்ணைக் கரைத்து, விடிவதற்குள் கரையையே கொண்டுபோய்விடும். இருப்புப்பாதையும் ஒரு வகையில் ஏரிக்கரையைப் போன்றதுதான். மண்ணைக் கொட்டி உயர்த்திய கரையின்மீதுதான் ஜல்லி பரப்பி, கட்டைகள் அடுக்கித் தண்டவாளம் போடுகிறார்கள். செப்பேட்டுப் பாடத்தை நடத்தும்போது கரை, கால், மதகு என்று விளக்கிக்கொண்டே வந்து, என்னையறியாமல் மருதையாற்றுப் பாலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவது என் வழக்கம். அப்பேச்சு ஒவ்வோராண்டும் ஒரு மனிதரிடத்தில் போய் முடியும். அவர் வரலாற்றை இம்மலரில் எழுதுமாறு மாணவர் சிலர் கேட்டதன் விளைவே இக்கட்டுரை.

லால்பகதூர் சாஸ்திரியார் 1904ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் முகல்சராயில் பிறந்தார். காசிக்கு எதிர்க்கரையில் உள்ள அவ்வூர் வட இந்திய இருப்புப்பாதைகள் பல வந்து கூடும் பெரிய சந்திப்பு. அவருடைய தாய்வழிப் பாட்டனார் முன்ஷி ஹசாரிலால் அவ்வூர் இருப்புப்பாதைத் துறைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஆகவே பின்னாளில் அத்துறைக்கு அமைச்சரான அவர், எஞ்சின் ஊதும் ஒலியைக் கேட்டே வளர்ந்த பிள்ளை என்று கொள்ளலாம்.

தந்தையார் சாரதா பிரசாத் பள்ளியாசிரியராகத் தொடங்கிப் பின் அலகாபாத்தில் வருவாய்த் துறை எழுத்தராகப் பணிபுரிந்தார். 1906இல் பரவிய கொள்ளை நோய்க்கு அவர் இரையானபோது குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. தாயார் ராம்துலாரி தேவியார் பிறந்தகம் திரும்பினார். இரண்டே ஆண்டுகளில் பாட்டனாரும் மறைந்தார். அதன்பின் தாய்வழி உறவினர் ஆதரவிலேயே அவர் வளர்ந்தார். நான்கு வயதில் அவருக்குக் கல்வி தொடங்கியது ஒரு மௌலவியிடத்தில் என்பதை நம் மாணவர் அறிவது நன்று. காயஸ்தர் குலத்துப் பிள்ளைகள் மௌலவியிடம் முதலெழுத்துக் கற்பது அன்று அந்நாட்டில் யாரும் வியக்காத வழக்கம்.

பின்னர்க் காசியில் ஹரிச்சந்திரா உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். சாதியைக் காட்டும் வர்மா என்னும் பின்னொட்டை மாணவப் பருவத்திலேயே நீக்கிவிட்டார். ஓடக் கூலிக்குக் காசில்லாத நாள்களில் நூல்களைத் தலையில் கட்டிக்கொண்டு கங்கையை நீந்திக் கடப்பார் என்று ஒரு கதை வழங்குகிறது. அது எவ்வளவு மெய்யோ, எவ்வளவு அன்பர் கூட்டிச் சொன்னதோ! ஆனால் வறுமை மெய்; ஆறும் மெய்.

1921இல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சில திங்களே இருந்த நிலையில் பள்ளியை விட்டு வெளியேறினார். பதினாறு வயதுப் பிள்ளை, தந்தையற்றவன், படித்து வேலைக்குப் போனால்தான் தாய்க்குச் சோறு என்ற நிலையில் எடுத்த முடிவு அது. இன்று கல்லூரியில் பயிலும் மாணவர் தம்மை அவ்விடத்தில் வைத்துப் பார்த்தால்தான் அம்முடிவின் கனம் புலப்படும். அரசு சாராத கல்விக்கென அதே ஆண்டில் தொடங்கப்பெற்ற காசி வித்யாபீடத்தில் சேர்ந்து, 1925இல் தத்துவத்தில் முதல் வகுப்பில் தேறினார். அங்கு வழங்கப்பெற்ற பட்டமே சாஸ்திரி. பட்டத்தின் பெயர் நாளடைவில் ஆளின் பெயராகிவிட்டது.

அதன்பின் லாலா லஜபதிராய் நிறுவிய மக்கள் ஊழியர் சங்கத்தில் உறுப்பினரானார். 1928இல் லலிதா தேவியாரை மணந்தார். வரதட்சிணையாக அவர் ஏற்றது ஓர் இராட்டையும் சில முழக் கதர்த் துணியும் மட்டுமே. உப்பு அறப்போர், தனிநபர் அறப்போர், 1942ஆம் ஆண்டுப் போராட்டம் எனப் பல முறை சிறை சென்றார். எல்லாம் கூட்டினால் ஏழு ஆண்டுகளுக்குக் குறையாமல் சிறையில் கழித்தார். சிறையில் இருந்தபோது மேரி கியூரி அம்மையாரின் வாழ்க்கை வரலாற்றை இந்தியில் மொழிபெயர்த்தார்.

சிறைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை இங்குச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அவருடைய மகள் நோயுற்றபோது பதினைந்து நாள் விடுப்பில் வெளியே செல்ல இசைவு கிடைத்தது. அவர் இல்லம் சேர்ந்த சிறிது நேரத்தில் குழந்தை இறந்துவிட்டது. இறுதிக் கடன்களை முடித்ததும், விடுப்பு நாள்கள் எஞ்சியிருக்கத் தாமாகவே சிறைக்குத் திரும்பினார். எக்காரணத்துக்காக விடுப்புக் கொடுக்கப்பட்டதோ அக்காரணம் தீர்ந்தபின் அதனை வைத்துக்கொள்ளுதல் முறையன்று என்பது அவர் கருத்து. பிறர் கேட்காத கணக்கைத் தமக்குத் தாமே எழுதிப் பார்க்கும் இவ்வியல்புதான் பிற்காலத்தில் மருதையாற்றங்கரையில் வெளிப்பட்டது என்று நான் எண்ணுகிறேன்.

விடுதலைக்குப் பின் உத்தரப்பிரதேசத்தில் கோவிந்த வல்லப பந்த் அமைச்சரவையில் காவல், போக்குவரத்துத் துறைகளை ஏற்றார். பேருந்துகளில் பெண் நடத்துநரை அமர்த்தியதும், கூட்டத்தைக் கலைக்கத் தடியடிக்கு மாற்றாகத் தண்ணீரைப் பீய்ச்சுமாறு காவலரைப் பணித்ததும் அக்காலத்துச் செயல்கள். 1952 மே திங்களில் நேருவின் அமைச்சரவையில் இருப்புப்பாதை, போக்குவரத்து அமைச்சரானார். அக்காலத்தில் முதல் வகுப்புப் பயணிக்கும் மூன்றாம் வகுப்புப் பயணிக்கும் இடையே இருந்த இடைவெளி மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. பழைய முதல் வகுப்பு நீக்கப்பட்டதும், மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்கு மின்விசிறி வந்ததும் அவர் காலத்தில்தான். சென்னைப் பெரம்பூரில் ஒருங்கிணைந்த பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்ததும் அவர் பொறுப்பில் இருந்தபோதே. அந்நாள் 1955 அக்டோபர் 2. காந்தியடிகள் பிறந்தநாளென்று அதனைக் கொண்டாடினர். துறை அமைச்சருக்கும் அதுவே பிறந்தநாள் என்பது பலருக்குத் தோன்றியிராது. அத்துறையில் அவருக்குத் துணையமைச்சராக இருந்தவர் அன்றைய செங்கற்பட்டுத் தொகுதியின் உறுப்பினர் ஓ. வி. அழகேசனார். கூரமும் காஞ்சியும் உள்ளிட்ட நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தவர் அவர். அவரைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

இருப்புப்பாதைக்கு நெருப்பைவிட நீரே பெரும் பகை. பாதையின் மண்கரை, ஒரு பக்கத்து மழைநீரை மறுபக்கம் போகவிடாமல் மறிக்கும் அணையாகிவிடுகிறது. அதற்காகவே இடையிடையே சிறு மதகுகளும் பாலங்களும் வைக்கின்றனர். எவ்வளவு மழை பெய்யும், எவ்வளவு நீர் வரும் என்று கணித்து அதற்கேற்ற கண்களை விடுகின்றனர். கணக்கை மீறி வெள்ளம் வந்தாலும், மேற்கே எங்கோ ஓர் ஏரி உடைந்து அதன் நீரெல்லாம் ஒரே வேளையில் வந்து மோதினாலும், நீர் பாலத்தின் தூணடி மண்ணைத் தோண்டும். அல்லது பாலத்தின் இரு முனைகளிலும் உள்ள கரையை அரிக்கும். கொடுமை என்னவென்றால், கீழே மண் போனபின்னும் தண்டவாளம் அந்தரத்தில் ஏணிபோலத் தொங்கிக்கொண்டிருக்கும். இரவில் எஞ்சின் விளக்கொளியில் காணும் ஓட்டுநருக்குப் பாதை முழுதாக இருப்பதாகவே தோன்றும்.

இதற்கென்றே மழைக்காலக் காவல் என ஒன்று உண்டு. கேங்மேன்கள் கையில் விளக்கும் தோளில் பையுமாக இரவெல்லாம் பாதையோடு நடப்பர். பழுது கண்டால் சிவப்பு விளக்கைக் காட்டுவர். தண்டவாளத்தின்மேல் வெடிகளை வைப்பர். சக்கரம் ஏறியதும் அவை வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும். பாலத் தூண்களில் அபாய மட்டக் கோடு தீட்டப்பட்டிருக்கும். நீர் அதைத் தொட்டால் வண்டியை நிறுத்த வேண்டும். ஆயிரம் பேர் உறங்கிக்கொண்டு செல்ல, அவர்கள் உயிர் மழையில் நனைந்து நடக்கும் ஒரு கூலியாளின் கண்ணில் இருக்கிறது. அமைச்சருக்கும் அவருக்கும் இடையே எத்தனை படிநிலை அதிகாரிகள்!

1956ஆம் ஆண்டு இத்துறைக்குப் பொல்லாத ஆண்டு. செப்டம்பர் 2ஆம் நாள் இரவு, அன்றைய ஐதராபாத் மாநிலத்தில் ஜட்சர்லாவுக்கும் மகபூப்நகருக்கும் இடையே வெள்ளத்தால் வலுவிழந்த பாலம் ஒன்று பயணியர் வண்டியின் கீழ் இடிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சாஸ்திரியார் விலகல் மடலை நேருவிடம் அளித்தார். நேரு அதனை ஏற்கவில்லை. அமைச்சரும் பணியைத் தொடர்ந்தார்.

மூன்று திங்கள்கூட நிறையவில்லை. நவம்பர் 22ஆம் நாள் இரவு சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி விரைவு வண்டி புறப்பட்டது. செங்கற்பட்டையும் விழுப்புரத்தையும் கடந்து, விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் மீட்டர் கேஜ் பாதையில் அது ஓடியது. வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. அரியலூர் நிலையத்தை விட்டு அடுத்த நிலையமாகிய கல்லகத்தை நோக்கிச் சென்ற வண்டி, 23ஆம் நாள் விடியற்காலையில் மருதையாற்றுப் பாலத்தை அடைந்தது. மருதையாறு கொள்ளிடத்தில் சென்று கலக்கும் சிற்றாறு. கோடையில் அதனைக் கடப்பவர் ஆறென்றே எண்ணமாட்டார், மணல்தான் தெரியும். அன்றோ வெள்ளம் தண்டவாளத்தின் அடியை எட்டுமளவுக்கு உயர்ந்து, பாலத்தின் பிடிமானத்தை அரித்துவிட்டிருந்தது. எஞ்சினும் அதனை அடுத்த பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. உறக்கத்தில் இருந்தவர் உறக்கத்திலேயே மூழ்கினர். இறந்தோர் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர். வெள்ளம் சிலர் உடலை நெடுந்தொலைவு கொண்டுசென்றது.

திருச்சி, மதுரை, நெல்லைச் சீமைக் குடும்பங்கள் பலவற்றில் அந்நாளின் துயரம் தலைமுறைகளாகப் பேசப்பட்டது. அவ்வண்டியில் செல்ல இருந்து, கடைசி வேளையில் தவறவிட்டுப் பிழைத்தவர் கதைகளும் உண்டு. தவறாமல் ஏறியவர் கதைகளைச் சொல்ல ஆளில்லை.

இம்முறை சாஸ்திரியார் தயங்கவில்லை. துறையின் தலைமையில் இருப்பவன் என்ற முறையில் அறவழிப் பொறுப்புத் தமதே என்று கூறி மீண்டும் விலகல் மடலை அளித்தார். விலக வேண்டாமென்று கட்சியினரும் நாடாளுமன்ற உறுப்பினரும் வேண்டினர். நேரு இம்முறை ஏற்றுக்கொண்டார். விபத்துக்குச் சாஸ்திரியார் எவ்வகையிலும் காரணரல்லர் என்பதை நாடாளுமன்றத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டு, அரசியலமைப்பு நெறிக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காகவே ஏற்பதாகவும் விளக்கினார். டிசம்பரில் சாஸ்திரியார் பதவியை விட்டு நீங்கினார். ஜகஜீவன்ராம் அப்பொறுப்பை ஏற்றார்.

கூரத்தைப் பற்றிச் சொல்லித் தொடங்கினேன். அவ்வூர்க் கூரத்தாழ்வானைப் பற்றி வைணவ மரபு கூறும் நிகழ்ச்சி இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. சோழ மன்னனின் சினத்துக்கு ஆளாகவேண்டியவர் இராமாநுசர். அவருடைய காவி உடையைத் தாம் உடுத்து, அவர்தாம் என்று அவைக்குச் சென்று, அதனால் தம் கண்களை இழந்தவர் ஆழ்வான். பிறர்க்கு வரவேண்டிய தண்டனையைத் தாம் சென்று ஏற்கும் பண்பைக் காஞ்சி வட்டாரம் எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் போற்றி வருகிறது. ஆயினும் இவ்விரண்டிடத்தும் உள்ள வேறுபாட்டையும் மறைத்தல் கூடாது. ஆழ்வான் சென்றதால் ஆசிரியர் பிழைத்தார். அமைச்சர் விலகியதால் மருதையாற்றில் மூழ்கியவருள் ஒருவரும் பிழைக்கவில்லை. அடுத்த மழைக்குப் பாலம் ஒன்றும் வலுப்பெற்றுவிடவுமில்லை. விலகலைப் பாடநூலில் புகழ்ந்து எழுதும் நாம், பாலத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. 2005 அக்டோபர் 29ஆம் நாள் ஆந்திரத்தில் வலிகொண்டா அருகே ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோக, நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே வகை இரவு, அதே வகைச் சாவு.

நேர்மாறான செய்தியும் உண்டு. 2023 டிசம்பரில் தென்மாவட்டப் பெருவெள்ளத்தின்போது திருச்செந்தூரிலிருந்து சென்னைக்கு வந்த விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டுத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஏறத்தாழ எண்ணூறு பயணிகள் இரு நாள் பசியோடு வெள்ளத்தின் நடுவே தவித்தனர். ஊரார் அவர்களுக்கு உணவளித்தனர். அனைவரும் உயிரோடு வீடு சேர்ந்தனர். வண்டியை உரிய வேளையில் நிறுத்திய நிலையத்தாருக்கு எந்தப் பாடநூலில் இடம் கொடுக்கப்போகிறோம்?

இனி அழகேசனாரைப் பற்றி. ஒரே விபத்து இருவருக்கு இருவேறு பயனைத் தந்தது. சாஸ்திரியார்க்கு அது அழியாப் புகழாயிற்று. துணையமைச்சர்க்கோ அரியலூர் என்னும் ஊர்ப்பெயரே வசைப்பெயராக ஒட்டிக்கொண்டது. 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முறையாகக் களம் புகுந்தது. அழகேசனார் பெயரையும் அரியலூரையும், ஆண்டதையும் மாண்டதையும் எதுகை மோனையாக இணைத்த முழக்கம் ஒன்று சுவரெங்கும் எழுந்தது. தமிழின் சொல்லழகு ஒருவரை எவ்வளவு கூர்மையாக வெட்டவல்லது என்பதற்கு அம்முழக்கத்தைவிடச் சிறந்த சான்று காட்டல் அரிது. அத்தேர்தலில் செங்கற்பட்டுத் தொகுதியில் அவர் தோற்றார். 1962இல் அங்கேயே வென்று மீண்டார். மூத்தவர் ஏற்ற பொறுப்பு அவரை உயர்த்தியது. இளையவர்மேல் சுமத்தப்பட்ட பொறுப்பு அவரை வீழ்த்தியது. தாமே முன்வந்து ஏற்பதற்கும் பிறர் சுமத்துவதற்கும் உள்ள இவ்வேறுபாட்டை அரசியல் நூலோர் ஆராயலாம். துணையமைச்சர்க்கு அது நீதியாக இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றே நான் சொல்வேன்.

சாஸ்திரியார் 1957 தேர்தலில் வென்று மீண்டும் அமைச்சரானார். போக்குவரத்து, வணிகம், தொழில் எனப் பல துறைகளைக் கண்டு, பந்த் மறைந்தபின் 1961இல் உள்துறையை ஏற்றார். 1963இல் மூத்தோர் பதவி துறந்து கட்சிப் பணிக்கு வரவேண்டும் என்று காமராசர் வகுத்த திட்டத்தின்படி அதனையும் துறந்தார். அவ்வாண்டு இறுதியில் காசுமீரத்தில் ஹஸ்ரத்பால் பள்ளிவாசலில் பாதுகாக்கப்பட்டு வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுடி காணாமற்போனது, பள்ளத்தாக்கே கொதித்தெழுந்தது. சில நாள்களில் அது திரும்பக் கிடைத்தபின்னும், கிடைத்தது மெய்யான திருமுடிதானா என்னும் ஐயம் மக்களை வாட்டியது. துறையில்லா அமைச்சராக மீண்டும் அழைக்கப்பட்டிருந்த சாஸ்திரியாரை நேரு அங்கு அனுப்பினார். மக்கள் மதிக்கும் சமயப் பெரியவர்களே பார்த்துச் சொல்லட்டும் என்பதற்கு அவர் இசைந்தார். 1964 பிப்ரவரி 3ஆம் நாள் பெரியவர்கள் கண்டு உறுதி கூறியதும் ஊர் அமைதியுற்றது. அதிகாரத்தால் அடக்கியிருக்கக்கூடிய ஓர் ஐயத்தை நம்பிக்கையால் தீர்த்த செயல் அது.

1964 மே 27ஆம் நாள் நேரு மறைந்தார். கட்சித் தலைவராயிருந்த காமராசர் பலரிடமும் தனித்தனியே கருத்துக் கேட்டு ஒருமனதாக்க, ஜூன் 9ஆம் நாள் சாஸ்திரியார் தலைமையமைச்சரானார். அவ்வாண்டின் டிசம்பரிலேயே மீண்டும் ஒரு நீர்ப்பேரிடர், அதுவும் தமிழகத்தில். 22ஆம் நாள் நள்ளிரவையொட்டித் தனுஷ்கோடியை நெருங்கிய பயணியர் வண்டியை, புயலோடு எழுந்த கடல் அப்படியே விழுங்கியது. பயணிகளும் ஊழியருமாக நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் இரும்புத் தளங்களுள் பெரும்பகுதி கடலில் வீழ்ந்தன. அப்பாலத்தைச் செப்பனிடும் பொறுப்பை ஏற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் மீனவர் துணையோடு தளங்களைக் கடலிலிருந்து மீட்டு, 46 நாள்களில் பாதையை இணைத்தார். பொறுப்பேற்றல் என்னும் சொல்லுக்கு விலகல் மட்டுமே பொருளன்று என்பதை மாணவர் இங்கே குறித்துக்கொள்ளலாம். தனுஷ்கோடிப் பாதையோ கைவிடப்பட்டது.

அடுத்த திங்களில் வந்தது வேறு வகை வெள்ளம். 1965 சனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாகும் என்ற நிலையில் தமிழகத்து மாணவர் தெருவுக்கு வந்தனர். தீக்குளிப்பும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன; பலர் உயிரிழந்தனர். தமிழ்த் துறை மலரில் எழுதுவோன் இதனை மெல்லக் கடந்துபோதல் தகாது. அரியலூரில் அறப்பொறுப்பை அத்தனை விரைந்து ஏற்றவர், இங்குத் தமிழர் நெஞ்சின் நிலையை உணரக் காலந்தாழ்த்தினார் என்பது என் கருத்து. பிப்ரவரி 11ஆம் நாள் மத்திய அமைச்சர்களாயிருந்த சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அழகேசனாரும் விலகல் மடல் அளித்தனர். காலத்தின் சுழற்சியைப் பாருங்கள்! எட்டு ஆண்டுகளுக்கு முன் விலகல் மடல் கொடுத்தவர் கையில், அன்று துணையாயிருந்தவரின் விலகல் மடல். சாஸ்திரியார் அவற்றைக் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணனுக்கு அனுப்பினார்; அவர் ஏற்க மறுத்தார். அன்றிரவே சாஸ்திரியார் வானொலியில் பேசினார். இந்தி பேசாத மாநிலங்களுக்கு நேரு அளித்திருந்த உறுதிமொழிகள் அப்படியே காக்கப்படும் என்று அறிவித்தார். தாழ்ந்து வந்தாரேனும் வந்தார். அவ்வுறுதி சட்டவடிவம் பெற்றது 1967இல் நிறைவேறிய திருத்தத்தால்தான். அதனைக் காண அவர் இல்லை.

எஞ்சிய வாழ்வு ஓராண்டுக்கும் குறைவே. உணவுப் பஞ்சம் நாட்டை வருத்தியது. இந்திய உணவுக் கழகம் 1965 சனவரியில் நிறுவப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சையில் அமைந்தது. வாரம் ஒருவேளை உணவைத் தவிர்க்குமாறு மக்களை வேண்டுமுன் தம் வீட்டில் அதனை நடத்திப் பார்த்தார் என்பர். செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர் மூண்டது. கேம்கரண் முனையில் பீரங்கி வண்டிகளை எதிர்த்து வீழ்ந்த அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது அப்போரில்தான். போர்வீரரையும் உழவரையும் ஒருசேர வாழ்த்தும் முழக்கத்தைச் சாஸ்திரியார் நாட்டுக்குத் தந்தார். 1966 சனவரி 10ஆம் நாள் தாசுகண்டில் அயூப்கானுடன் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். அன்றிரவே, 11ஆம் நாள் பிறந்து சிறிது நேரத்தில், அயலகத்தில் உயிர்நீத்தார். அவ்வாண்டே பாரத ரத்னா விருது மறைவுக்குப்பின் அளிக்கப்பட்டது.

அவர் விட்டுச்சென்ற உடைமைகளுள் கடன் ஒன்றும் இருந்தது. மகிழுந்து வாங்கப் பணம் போதாமல் வங்கியில் 5,000 ரூபாய் கடன் பெற்றிருந்தார். அதனை லலிதா தேவியார் தமக்கு வந்த ஓய்வூதியத்திலிருந்து கட்டி முடித்ததாக அவர் மக்கள் சொல்லியுள்ளனர்.

தூத்துக்குடிக்குச் செல்லும் இரவு வண்டி இப்போது அகலப் பாதையில் ஓடுகிறது. தேர்வுப் பணிக்காக அதில் செல்லும்போதெல்லாம் அரியலூர் வரும்வரை நான் உறங்குவதில்லை. நிலையத்தை விட்டுச் சிறிது தொலைவு போனதும் சக்கர ஒலி மாறும். இரும்பும் வெற்றிடமும் கலந்த ஓர் ஓசை சில நொடி கேட்கும். கீழே இருளில் ஆறு தெரிவதில்லை. பெட்டியில் மற்றவர் உறங்கிக்கொண்டிருப்பர். ஓசை மீண்டும் மண்கரையின் ஓசையாக மாறியபின் நானும் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பேன்.